கூட்டணுமா, பெருக்கணுமா? பிள்ளைகளுக்குச் சுற்றளவும் பரப்பளவும்

படிநிலை இரண்டில் (நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை) படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு செவ்வகம் வரைந்து, நீளம் 7, அகலம் 3 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். படத்தைக் கொஞ்சம் பார்க்கும், அப்புறம் நம் முகத்தைப் பார்க்கும். "டீச்சர், இதுக்குக் கூட்டணுமா, பெருக்கணுமா?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் பிள்ளைக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. கூட்டவும் தெரியும், ஏழாம் வாய்ப்பாடும் தெரியும். எதைக் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் தெரியாது. சுற்றளவு என்றால் கூட்டு, பரப்பளவு என்றால் பெருக்கு என்று இரண்டு சூத்திரத்தையும் ஒரே வாரத்தில், ஒரே படத்தை வைத்து, அடுத்தடுத்து மனப்பாடம் பண்ண வைத்துவிட்டோம். பிள்ளை இரண்டையும் ஒழுங்காகத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கிறது, எது எதற்கு என்பதை மட்டும் மாற்றிப் போடுகிறது. ஆகவே என் பேச்சைக் கேட்பதாக இருந்தால், முதல் ஒரு வாரம் சூத்திரத்தை வாயிலேயே எடுக்காதீர்கள். பள்ளியில் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் பரவாயில்லை, வீட்டில் அதைத் தொடாமல் வேறு பக்கமாக வாருங்கள்.

நான் டியூஷன் எடுப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். என்னிடம் வருகிற பிள்ளைகளின் அப்பா அம்மா பெரும்பாலும் டவுனிலும் ஃபேக்டரியிலும் வேலை செய்கிறார்கள், ஆனால் தாத்தா பாட்டி எல்லாம் தோட்டத்து ஆட்கள், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்கள், அப்புறம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியவர்கள். அவர்களிடம் இந்த இரண்டு அளவையும் பற்றிக் கேட்டால் குழப்பமே வராது, ஏனென்றால் தோட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு வேலை. வேலி அடைக்க வேண்டும், எல்லை ஓரமாக வாய்க்கால் வெட்ட வேண்டும் என்றால் ஓரத்தைப் பிடித்து நடந்து, எத்தனை மீட்டர் என்று அளக்கிறார்கள். மருந்தடிக்க, புல் வெட்ட, கன்று நட என்றால் எத்தனை ஏக்கர், எத்தனை ஹெக்டேர் என்றுதான் பேச்சு. ஓரத்தில் நடந்தால் சுற்றளவு, உள்ளே இறங்கி வேலை செய்தால் பரப்பளவு. மண்டோராக (தோட்டத்து வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்த ஒரு தாத்தா தன் பேரனுக்கு இதை நான் சொல்வதை விடச் சுருக்கமாகச் சொன்னார்: "கம்பி வாங்கப் போறியா, உரம் வாங்கப் போறியா? அதை மொதல்ல கேளு, தம்பி."

இதையே வீட்டுக்குள் கொண்டுவரலாம். தீபாவளிக்கு வாசல் சுவரைச் சுற்றிக் கலர் விளக்குச் சரம் கட்டுகிறோம், அது எத்தனை மீட்டர் வேண்டும் என்பது சுற்றளவு. வரவேற்பறைக்குப் புதுசாகத் திக்கார் கெத்தா வாங்கிப் போடுகிறோமே, அந்த ரப்பர் விரிப்பு எவ்வளவு வேண்டும் என்பது பரப்பளவு. பிள்ளையிடம் கணக்கே போடாமல் வெறும் கேள்வியாகக் கேளுங்கள். மேசை விரிப்பு ஓரத்தில் லேஸ் தைக்கிறோம், இது எது? சுவருக்குப் பெயின்ட்? திடலைச் சுற்றி ஓடுவது? பள்ளித் தகவல் பலகைக்குக் கலர் தாள் ஒட்டுவது, அப்புறம் அதே பலகைக்கு ஓரம் கட்டுவது? கடைசிக் கேள்வி நல்ல கேள்வி, ஒரே பலகைக்கு இரண்டும் வருகிறது. இந்த மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தால், எண் எதுவும் இல்லாமலே பிள்ளைக்குப் பிரிக்கத் தெரிந்துவிடும். பிரிக்கத் தெரிந்த பிறகு கணக்கு சின்ன வேலை.

சரி, சுற்றளவில் ஆரம்பிக்கலாம். ஒரு ரஃபியா கயிறு போதும். புத்தகம், மேசை, டப்பா மூடி, கையில் கிடைத்ததைச் சுற்றிக் கயிற்றை வைத்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்ததும் வெட்டி, கயிற்றை நீட்டி ரூலரில் அளக்க வேண்டும். வட்ட மூடியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சுற்றளவு என்பது செவ்வகத்துக்கு மட்டும் உள்ளது, நான்கு பக்கம் இருந்தால்தான் வரும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மூடிக்கு நீளமும் இல்லை அகலமும் இல்லை, ஆனாலும் கயிறு சுற்றி வந்துவிடுகிறதே. பக்கங்கள் ஏறுக்குமாறாக இருக்கிற ஐங்கோணம் ஒன்றையும் வரைந்து கொடுங்கள். எல்லாப் பக்கத்தையும் கூட்டுவது, அவ்வளவுதான். செவ்வகத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்பதால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குகிறோம் என்பது ஒரு குறுக்கு வழி. அந்தக் குறுக்கு வழியைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொன்னால் விட்டுவிடுங்கள், சொல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கட்டம் போட்ட நோட்டுக்கு வரும்போதுதான் ஒரு தப்பு தவறாமல் வரும். 5 கட்ட நீளம், 4 கட்ட அகலம் உள்ள செவ்வகம். சுற்றளவு 18. பிள்ளை 14 என்று எழுதியிருக்கும். கூட்டல் தப்பு என்று நினைத்துத் திருத்த வேண்டாம், பென்சிலை எப்படி நகர்த்துகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: செவ்வகத்துக்கு உள்ளே, ஓரமாக இருக்கிற கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும். மூலையில் உள்ள கட்டத்துக்கு இரண்டு ஓரம் இருக்கிறது, ஆனால் கட்டம் ஒன்றுதான், அதனால் ஒரு மூலைக்கு ஒன்று வீதம் நான்கு குறைந்துவிடும். எந்தச் செவ்வகம் கொடுத்தாலும் சரியாக நான்குதான் குறையும் (ஒரே வரிசையாக ஒல்லியாக இருந்தால் மட்டும் இன்னும் மோசமாகும்). இதற்கு மருந்து, எண்ணச் சொல்வதற்கு முன் கோட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் இழுக்கச் சொல்வது. கட்டத்தைத் தொடக்கூடாது, கோட்டைத்தான் தொட வேண்டும். ஆரம்பித்த மூலையில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்ற சந்தேகமும் வராது.

பரப்பளவுக்குத் தரையில் பதித்த டைல்ஸை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. டைல்ஸ் இல்லாத வீடென்றால் பழைய அட்டைப் பெட்டியில் ஒரே அளவாகச் சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். மேசை மேல் அடுக்கச் சொல்லுங்கள். இடைவெளி விடக்கூடாது, ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது, வெளியே நீட்டக்கூடாது. எத்தனை சதுரம் பிடித்ததோ அதுதான் பரப்பளவு. சில பிள்ளைகள் ஏன் சதுரம், வட்டக் காசை அடுக்கினால் என்ன என்று கேட்கும், கேட்காவிட்டால் நீங்களே இருபது காசு நாணயங்களைக் கொடுத்து அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் சந்து விழும், அந்தச் சந்தை யார் கணக்கில் சேர்ப்பது? சதுரத்தில் அந்த வம்பு இல்லை.

முதலில் ஒவ்வொன்றாக எண்ணட்டும். அவசரப்படுத்தாதீர்கள். நான்கைந்து முறை எண்ணியதும் பிள்ளைக்கே அலுத்துப்போய், "ஒரு வரிசைக்கு 12, அந்த மாதிரி 10 வரிசை" என்று சொல்ல ஆரம்பிக்கும். அந்த அலுப்புதான் நமக்கு வேண்டியது. பெருக்கல் இங்கே வந்து நுழைவதற்குக் காரணம், வரிசையாக அடுக்கியிருப்பதை வேகமாக எண்ணுவதற்கு அதுதான் வழி என்பது. வரிசையில் எத்தனை, எத்தனை வரிசை. நீளம் × அகலம் என்று பள்ளியில் எழுதுவது இதைத்தான். பிள்ளையின் கண்ணில் வரிசை தெரிகிற வரைக்கும் அந்தச் சூத்திரத்துக்கு உயிர் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, முக்கியமாக ஆசிரியர்களுக்கு. உதாரணத்துக்குச் சட்டென்று ஒரு சதுரம் வரைந்து பக்கம் 4 என்று போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, ஏனென்றால் 4 நல்ல எண், எளிதான எண். சுற்றளவு 4+4+4+4, 16. பரப்பளவு 4×4, அதுவும் 16. பிள்ளை எதைச் செய்தாலும் சரி என்று வந்துவிடுகிறது, தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கும் நாம் டிக் போட்டுவிடுகிறோம். 6-க்கு 3 செவ்வகமும் இதே கதைதான், இரண்டும் 18. முழு எண்களில் இந்த இரண்டு செவ்வகங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகும், ஆகவே இந்த இரண்டை மட்டும் ஆரம்பத்தில் ஒதுக்கிவிட்டால் போதும். எல்லாம் புரிந்த பிறகு, "சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக வருகிற செவ்வகத்தைக் கண்டுபிடி" என்று புதிராகக் கொடுக்கலாம், கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு மாலை முழுக்க அதிலேயே கிடப்பார்கள்.

அலகு. இதைப் பிள்ளைகள் விடைக்குப் பின்னால் ஒட்ட வைக்கிற வாலாக நினைக்கிறார்கள், மறந்தால் ஒரு மார்க் போகும் என்பதைத் தவிர அதில் வேறு விஷயம் இருப்பதாகத் தெரிவதில்லை. சுற்றளவு என்பது நீட்டிப் பிடித்த கயிறு, அதனால் மீட்டர். பரப்பளவு என்பது அடுக்கிய சதுரங்கள், அதனால் சதுர மீட்டர், அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் இத்தனை. அந்தச் சதுர மீட்டரைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. பழைய பத்திரிகைகளை ஒட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் வெட்டித் தரையில் விரித்துவிடுங்கள். எத்தனை பேர் அதன் மேல் நிற்க முடியும் என்று தம்பி தங்கைகளையும் கூப்பிட்டு ஏற்றிப் பார்க்கட்டும். அப்புறம் கேளுங்கள், இதில் எத்தனை சதுர சென்டிமீட்டர்? 100 என்று உடனே பதில் வரும், ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்று படித்திருக்கிறதே. ரூலரை ஓரத்தில் வைத்துக் காட்டுங்கள். ஓரத்தில் மட்டும் ஒரு வரிசைக்கே 100 சின்னச் சதுரம் போய்விட்டது, அந்த மாதிரி இன்னும் 99 வரிசை பாக்கி இருக்கிறது. மொத்தம் 10,000.

இதே விஷயம் டைல்ஸ் கடையிலும் வரும். 10 அடிக்கு 12 அடி அறை, ஓரடி டைல்ஸ் போட்டால் 120 வேண்டும். இரண்டடி டைல்ஸ் போட்டால்? பிள்ளை 60 என்று சொல்லும், பெரியவர்களும் பல பேர் சொல்வார்கள். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 6, ஆக 30. பக்கம் இரண்டு மடங்கானால் டைல்ஸ் ஒன்று நான்கு மடங்கு இடத்தை அடைக்கிறது. அதே அறைக்கு 6 அடி அகலச் சுருளில் திக்கார் கெத்தா வாங்கினால் எத்தனை அடி வெட்டச் சொல்ல வேண்டும் என்பதையும் பிள்ளையிடமே விடுங்கள். 12 அடிப் பக்கத்தில் 6 அடி அகலம் இரண்டு முறை வருகிறது, ஒவ்வொரு துண்டும் 10 அடி, ஆக 20 அடி. 6-ஐ 20-ஆல் பெருக்கினால் மறுபடியும் அதே 120 வருவதைப் பார்த்ததும் சில பிள்ளைகளுக்கு அப்போதுதான் ஏதோ பொருந்தும்.

ஹெக்டேர் என்று புத்தகத்தில் வந்தால் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள், பெயர்தான் பெரிது. 100 மீட்டருக்கு 100 மீட்டர், 10,000 சதுர மீட்டர், அவ்வளவுதான். பெரிய போட்டிகளில் வழக்கமாக வைக்கிற கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68, பெருக்கினால் 7,140 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேரை விடச் சின்னது. செம்பனை என்றால் ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 140 மரம் நிற்கும். இதைச் சொன்னால் தோட்டத்து ஓரமாக பஸ்ஸில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஓர் அளவு மனதில் விழுந்துவிடும்.

இனி நான் முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். இதுவரைக்கும் சொன்னது எல்லாம் செய்து முடித்த பிள்ளைக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கும்: சுற்றளவு பெரிதானால் பரப்பளவும் பெரிதாகும், சுற்றளவு அதேதான் என்றால் பரப்பளவும் அதேதான். பெரியவர்களுக்கும் இருக்கிறது. நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்து, "ரொம்பப் பெருசா இருக்கு" என்று சொல்கிறோமே, அது இந்த நம்பிக்கைதான். இதை உடைக்காமல் விட்டால் இரண்டும் பிள்ளையின் மனதில் தனித்தனியாகப் பிரிவதே இல்லை.

உடைப்பதற்கு அந்த ரஃபியா கயிறே போதும். டைல்ஸ் தரையில், 24 டைல்ஸ் ஓரம் வருகிற மாதிரி ஒரு கயிற்றை வெட்டி, நுனியோடு நுனியை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள் (முடிச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும்). நாலு மூலைக்கு நாலு பிள்ளைகள், இல்லையென்றால் நாலு தண்ணீர்ப் போத்தல். இந்தக் கயிறு வேலி, இதை வைத்து ஆட்டுக்குப் பட்டி அடைக்கப் போகிறோம், ஆடு மேய அதிக இடம் யார் கொடுப்பது என்று விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒல்லியாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அகலம் 1, நீளம் 11. கயிற்றின் அளவு 24 சரி. உள்ளே எத்தனை டைல்ஸ்? 11. அகலத்தை 2 ஆக்கினால் நீளம் 10-க்கு இறங்கும், உள்ளே 20. அப்புறம் 3-க்கு 9, உள்ளே 27. 4-க்கு 8, 32. 5-க்கு 7, 35. 6-க்கு 6, 36. அதற்கு மேல் 7-க்கு 5 என்று போனால் மறுபடியும் 35-க்கே இறங்கிவிடும். கயிறு ஒரு சென்டிமீட்டர் கூட நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. உள்ளே 11-லிருந்து 36 வரைக்கும் ஏறிவிட்டது.

இதை நோட்டில் பட்டியலாகப் போடச் சொல்வதற்கு முன்னால் தரையில் செய்ய வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்திருக்கிற பிள்ளைகள் ஒருவர் உள்ளே நகர, இன்னொருவர் வெளியே நகர வேண்டியிருக்கிறது, அதில்தான் நீளம் குறைந்தால் அகலம் கூடும் என்பது அவர்கள் கைக்கே தெரிகிறது. நோட்டில் அது வெறும் எண்கள் மாறுவதாகப் போய்விடும். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன், ஏற்றம் முதலில் பெரிதாக இருந்து வர வரக் குறைகிறது, 9 கூடியது, அப்புறம் 7, 5, 3, கடைசியில் 1. இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு எந்தப் பரிசும் தகும்.

அடுத்த நாள் திருப்பிப் போடுங்கள். இப்போது 36 அட்டைச் சதுரம் கொடுத்து, எல்லாவற்றையும் பயன்படுத்திச் செவ்வகம் அடுக்கு, வேலி எங்கே குறைவாக வேண்டும் என்று கேளுங்கள். ஒரே வரிசையாக 36 வைத்தால் சுற்றளவு 74. இரண்டு வரிசை 18, சுற்றளவு 40. 3-க்கு 12 வைத்தால் 30, 4-க்கு 9 வைத்தால் 26, 6-க்கு 6 வைத்தால் 24. உள்ளே இருப்பது மாறவே இல்லை, வெளியே 74-லிருந்து 24-க்கு இறங்கிவிட்டது.

தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஏக்கர் என்பது பழைய நில அளவுச் சங்கிலியில் ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம், அதாவது 66 அடிக்கு 660 அடி, பெருக்கினால் 43,560 சதுர அடி. அந்த வடிவத்திலேயே நிலம் இருந்தால் வேலிக்கு 1,452 அடி வேண்டும். அதே ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கம் 209 அடிக்குச் சற்றுக் குறைவு, வேலி 835 அடிக்குள் முடிந்துவிடும். ரோட்டோரம் நீளமாக ஒரு ஏக்கர் வாங்குகிறவர் கம்பிக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

பள்ளிப் பயிற்சிகளில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இணைந்த வடிவங்களில். தோட்டத்து லய வீட்டையே (தொழிலாளர்களின் வரிசை வீட்டையே) எடுத்துக்கொள்வோம். முன்னால் வீடு, அகலம் 6 மீட்டர், ஆழம் 5 மீட்டர். பின்னால் ஒரு மூலையை ஒட்டி அடுப்படி இழுத்துக் கட்டியிருக்கிறது, அகலம் 3 மீட்டர், நீளம் 4 மீட்டர். பரப்பளவு எளிது, 30-ம் 12-ம் சேர்த்து 42 சதுர மீட்டர். இதில் தைரியம் வந்து பிள்ளை சுற்றளவுக்கும் அதே மாதிரி செய்யும், வீட்டுக்கு 22, அடுப்படிக்கு 14, ஆக 36. தப்பு. எங்கே தப்பு என்று பிள்ளையையே விரலால் வெளிச்சுவரைச் சுற்றி வரச் சொல்லுங்கள். வீட்டையும் அடுப்படியையும் பிரிக்கிற 3 மீட்டர் சுவரை விரல் தொடவே தொடாது, அது உள்ளே போய்விட்டது, ஆனால் கணக்கில் வீட்டுக்கு ஒரு முறை, அடுப்படிக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை ஏறியிருக்கிறது. 36-லிருந்து 6 போனால் 30. பரப்பளவைத் துண்டு துண்டாகக் கூட்டலாம், சுற்றளவை அப்படிக் கூட்டினால் ஒட்டிய இடத்தைக் கழிக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுப்பதில்லை.

இன்னொரு தப்பும் இதே படத்தில் வரும். படத்தில் 6, 5, 3, 4 என்று நாலு எண்கள்தான் போட்டிருக்கும், பிள்ளை நாலையும் கூட்டி 18 என்று எழுதிவிடும். எண் போட்டிருந்தால்தான் பக்கம் என்று அதற்கு நினைப்பு. வடிவத்துக்கு ஆறு பக்கம் இருக்கிறது, முதலில் பக்கங்களை எண்ணட்டும், எண் இல்லாத பக்கத்துக்கு யோசித்து எண் போடட்டும், அப்புறம் கூட்டட்டும். இடது சுவர் முழுக்க 9, முன்பக்கம் 6, வலது பக்கம் 5, உள்ளே திரும்புகிற இடம் 3, அடுப்படியின் வலது சுவர் 4, பின்பக்கம் 3. மொத்தம் 30.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 6-க்கு 9 என்று ஒரு முழுச் செவ்வகம் வரைந்தால் அதன் சுற்றளவும் 30-தான். மூலையை வெட்டி எடுத்ததில் 12 சதுர மீட்டர் போனது, ஆனால் சுற்றளவில் ஒன்றும் போகவில்லை, ஏனென்றால் வெட்டின இடத்தில் வருகிற இரண்டு புதுப் பக்கங்களும், போன இரண்டு பக்கங்களும் ஒரே நீளம். அடுப்படியை மூலையை விட்டு நகர்த்தி நடுவில் வைத்தாலும் 30. ஆனால் மூலையில் வெட்டாமல், 6 மீட்டர்ப் பக்கத்தின் நடுவில், காற்றோட்டத்துக்கு என்று 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ளே குடைந்துவிட்டால் பரப்பளவு 54-லிருந்து 48-க்கு இறங்கும், சுற்றளவு 30-லிருந்து 36-க்கு ஏறும். இடம் குறைந்து சுவர் கூடுகிறது! வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் கேட்டால் மூலை அதிகமானால் செலவு ஏன் ஏறுகிறது என்று விளக்கமாகச் சொல்வார்.

முக்கோணத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. செவ்வகத் தாளை மூலைக்கு மூலை வெட்டி, இரண்டு துண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் பொருந்திவிடும், ஆகவே பாதி. செங்கோணம் இல்லாத முக்கோணமா? மிக நீளமான பக்கத்தை அடிப்பக்கமாக வைத்து, உச்சியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இறக்குங்கள், இரண்டு செங்கோண முக்கோணம் ஆகிவிடும், ஒவ்வொன்றும் தன் தன் செவ்வகத்தில் பாதி. கவனிக்க வேண்டியது ஒன்றுதான், உயரம் என்பது நேராக நிற்கிற கோடு, சாய்ந்த பக்கம் அல்ல. பக்கங்கள் 3, 4, 5 உள்ள செங்கோண முக்கோணத்தைக் கொடுத்தால் சுற்றளவு 12, பரப்பளவு 6, குழப்பம் இல்லை. 6, 8, 10-ஐக் கொடுக்காதீர்கள், இரண்டும் 24, பழைய வம்பு மறுபடியும் வந்துவிடும்.

பயிற்சிக்குப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருக்காமல் பூப்பந்து (பேட்மிண்டன்) தளத்துக்குக் கூட்டிப் போங்கள். தோட்டமோ தாமானோ (வீடமைப்புப் பகுதியோ), மண்டபத்துப் பக்கத்தில் சிமெண்டில் கோடு போட்டது ஒன்று இருக்கும். இரட்டையர் ஆட்டத்துக்கு நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர், காலால் பந்தை வலைக்கு மேல் தட்டி ஆடுகிற செப்பாக் தக்ராவ் தளத்துக்கும் இதே அளவுதான், அதனால் ஒரே இடத்தில் இரண்டும் ஆடுகிறார்கள். அளவு நாடாவைப் பிள்ளை கையில் கொடுத்து அளக்க விடுங்கள். உள்ளூரில் போட்ட கோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கித்தான் இருக்கும், அதனால் என்ன. சரியான அளவு என்றால் வெளிக்கோட்டின் சுற்றளவு 39 மீட்டர், புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் அழகாக வரும். பரப்பளவு 81.74 சதுர மீட்டர். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 5.18 மீட்டர்தான், அதற்கு இரண்டையும் கண்டுபிடித்து, எதில் எவ்வளவு குறைகிறது என்று எழுதி வரச் சொல்லுங்கள். கோட்டுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது, தளம் முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது என்றும் கேட்டுவிடுங்கள். கோட்டுக்கு அகலம் 4 சென்டிமீட்டர் இருக்கிறதே, அப்படியானால் கோட்டுக்கும் பரப்பளவு உண்டா என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் உண்டுதான், அதையும் போட்டுப் பார்க்கட்டும்.